கொல்லைக் குளத்துக் கொக்கி

அன்புள்ள தம்பிக்கு,

பெண் வீட்டார் நம் சிதம்பரம் வீட்டைப் பார்க்க வந்த அன்று, கொல்லைக் குளத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் கம்பிவலைக் கூடத்துக்குள் உன் அம்மா உட்கார்ந்திருந்தாள். அந்தக் கதவின் கொக்கியை வெளிப்பக்கம் மாட்டியது நீ. நான் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டியது நீதான் என்று அவளுக்கும் தெரியும். கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டதா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். குறிக்கவில்லை. அதற்குக் காரணம் அந்தக் கொக்கி. நீ மறுநாள் காலையிலேயே சென்னைக்கு வண்டியேறி வேலைக்குப் போய்விட்டதால், அதற்கப்புறம் நடந்த எதுவும் உனக்குத் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை எழுதியவுடன் ஒட்டப்போவதில்லை. முதலில் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். பிறகு கடலூருக்குப் போய், உனக்கு மாமியாராக வர இருக்கும் அந்த அம்மாளுக்கும் படித்துக் காட்டுவேன். அதற்குப் பிறகே தபால். நம் வீட்டில் ஆளுக்கு ஒன்றை மறைத்து, ஆளுக்கு ஒரு பொய்யைச் சொல்லித்தான் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம். இனி எனக்கு ஒரு பேச்சு, உனக்கு ஒரு பேச்சு என்று வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த கடிதமாகவே இது இருக்கட்டும்.

அந்தக் குளத்தை நான் எதற்காகக் கட்டினேன் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நீ காலேஜில் சேர்ந்தபோது சிதம்பரத்தில் இந்த வீட்டை வாங்கினேன். ஹாஸ்டல் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அம்மாதான் பிடிவாதம் பிடித்தாள். எனக்குக் கடலூர் முதுநகரில் வலைக்கடை. வாரத்தில் பாதி நாள் கடைக்கு மேலேயே படுத்துக்கொண்டு, மீதி நாள் பாசஞ்சர் வண்டியில் வந்து போய்க்கொண்டிருந்தேன். அவள் உனக்குச் சமைத்துப் போட இங்கே வந்து உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து கடலை விட்டு அரை மைல் தள்ளிப் படுக்காதவள் அவள். இங்கே வந்த முதல் மழைக்காலத்தில் குளிர் ஜுரம் வந்தது. போயிற்று. மறுபடி வந்தது. ஒவ்வொரு ஜுரம் இறங்கும்போதும் வலது கால் கொஞ்சம் கனத்துக்கொண்டே போயிற்று. நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், சொல்லாதே என்றாள். பெரியாஸ்பத்திரி டாக்டர் யானைக்கால் என்று சொன்ன அன்றும் அவள் என்னிடம் கேட்டது இதுதான்: "தம்பிக்கு ஒட்டிக்குமா மாமா?" கொசுவால் வருகிறது, தொட்டால் வராது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மாத்திரையைக் கையில் வாங்கினாள்.

அதற்குப் பிறகு அவள் தெருவில் இறங்குவது குறைந்தது. கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். கீழவீதிக் காய்கறிக் கடைக்கு எதிர்வீட்டுப் பெண்ணை அனுப்ப ஆரம்பித்தாள். யாரும் எதுவும் சொல்லிவிட்டார்களா என்று கேட்டேன். "சொன்னாத்தான் தேவலையே. பேசிக்கிட்டே இருக்கறவங்க கண்ணு மட்டும் கீழ போவுது மாமா. அதுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்றாள். நீ படிப்பு முடித்து, சர்க்கார் வேலை கிடைத்துப் போன பிறகு, கடலூருக்கே திரும்பிவிடலாமா என்று கேட்டேன். குப்பத்தில் இருக்கிற தன் சனங்கள் இந்தக் காலைப் பார்க்க வேண்டாம் என்றாள். "இங்கயே இருக்கறேன். ஒண்ணே ஒண்ணு. தண்ணியப் பாத்துக்கிட்டு உக்காரணும் போல இருக்குது" என்றாள். தனக்கென்று அவள் வாயைத் திறந்து என்னிடம் கேட்ட முதல் பொருள் அது. கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு குறிஞ்சிப்பாடிச் சந்தைக்கு நடந்தே போய் வந்த காலத்தில்கூடச் செருப்பு வேண்டும் என்று கேட்டவள் இல்லை. அந்தக் கூடையில் வந்த காசுதான் நம் கடைக்கு முதல் என்பதை உனக்கு நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நீயும் கேட்டுத் தலையாட்டியிருக்கிறாய்.

சரி, கட்டிவிடுவது என்று இறங்கினேன். சிமெண்டு பர்மிட்டுக்குத் தாலுகா ஆபீசில் நாயாக அலைந்தது ஒரு பெரிய கதை. கிணற்றுக்கும் வேலிக்கும் நடுவில் நாலு கட்டில் போடும் அகலத்துக்குக் குளம் தோண்டி, செங்கல் வைத்துப் பூசி, கரையில் மூன்று பக்கமும் கடப்பாக் கல் பாவினேன். அவள் காலை நீட்டி வைத்துக்கொள்ள ஒரு சாய்வுப் பலகை. ஓட்டுக் கூரை. டாக்டர் கொசுவே அண்டக்கூடாது என்று சொல்லியிருந்தார் அல்லவா, அதனால் குளம், கல்தளம், கூரை எல்லாவற்றையும் சேர்த்துச் சவுக்குக் கால் நட்டு, மெல்லிய கம்பிவலையால் நாலு பக்கமும் அடைத்துவிட்டேன். கொக்கும் மீன்கொத்தியும் மீனைத் தூக்காது, பூனை வராது, கொசு வராது. வலை விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. பருத்தி நூல் போய் நைலான் வந்தபோது இந்தக் கரையில் அதை முதலில் வாங்கிப் போட்டவன் நான்.

கதவு போடும் அன்று ஆசாரி கேட்டார், "கொக்கி உள்ள அடிக்கட்டுமா, வெளியவா மொதலாளி?" நான் வேறு எதையோ பார்த்துக்கொண்டே, "வெளியதான்யா, இது இன்னா கேள்வி?" என்றேன். கடைக் கதவு, கிடங்குக் கதவு, என் வாழ்நாளில் நான் போட்ட கதவுகள் எல்லாவற்றுக்கும் வெளியேதான் பூட்டு. உள்ளே சரக்குதானே இருக்கும். உள்ளே ஒரு மனுஷி உட்காரப்போகிறாள் என்பது அந்த நிமிஷம் என் புத்தியில் ஏறவில்லை. ஆசாரி ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு வெளிப்பக்கம் அடித்துவிட்டுப் போனார்.

ஒரு மாதத்தில் இன்னொரு கூத்து நடந்தது, அதையும் நீ தெரிந்துகொள். கம்பிவலைக்குள் உட்கார்ந்தவளைக் கொசு பிடுங்கி எடுத்தது. எங்கே ஓட்டை என்று நான் வலையை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. தெருவில் கொசு ஒழிப்பு ஆள் வந்தபோது கூப்பிட்டுக் காட்டினேன். நீளப் பிடி போட்ட கரண்டியால் குளத்துத் தண்ணீரை மொண்டு என் மூக்குக்கு நேரே நீட்டினார். புழு நெளிந்தது. "மொதலாளி, வெளிக்கொசு உள்ள வராது, ரொம்ப சரி. உள்ள பொறக்கற கொசு எந்த வழியா வெளிய போவும்? நீங்க கொசுவுக்கு வீடு கட்டிக் குடுத்திருக்கீங்க" என்றார். உன் அம்மா அன்று சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். "வலைக்காரரு! வலைன்னா உள்ள இருக்கறதத்தான் புடிக்கும்னு மறந்துட்டாரு!" அலை அடிக்கிற உப்புத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதில் கொசு முட்டை வைத்து நான் பார்த்ததில்லை. தேங்கி நிற்கும் நல்ல தண்ணீர் என்ன செய்யும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதோடு, குளத்தில் நான் விட்டிருந்தது முழங்கை நீள விரால். வருகிறவர்கள் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்று புவனகிரியிலிருந்து தண்ணீர் நிரப்பிய அண்டாவில் கொண்டுவந்தேன். "விராலு கொசுப்புழுவையா திங்கும்? அத அனுப்பிட்டுப் பொடி மீனு வுடு" என்றாள் அவள். வாய்க்காலில் நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு மேல்மட்டத்திலேயே திரியுமே, அந்தப் பொடி மீனைப் பிடித்துவந்து விட்டோம். புழு ஒழிந்தது. பார்க்க ஒன்றும் பெரிதாக இராது, ஆனால் அவள் கையை நீட்டினால் அந்தப் பொட்டுகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பும். சாயங்காலத்தில் காலைப் பலகையில் நீட்டிக்கொண்டு, பொரியைப் பொடித்துத் தூவிக்கொண்டு, அவளாக ஏதோ பேசிக்கொண்டிருப்பாள். அந்தக் கொஞ்ச காலம் அவள் முகம் கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி இருந்தது. பொய் சொல்லவில்லை.

அப்போதுதான் உனக்கு இந்தச் சம்பந்தம் வந்தது. கடலூரில் ஐஸ் பேக்டரியும் இரண்டு மோட்டார் படகும் வைத்திருக்கிறவர். நம் சனம். பெண் எஸ்.எஸ்.எல்.சி. நீயே போய்ப் பார்த்து, பிடித்திருக்கிறது என்றாய். பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வருகிறோம் என்றார்கள். உன் அத்தை, என் கூடப்பிறந்தவள், முதலில் பேச்சை எடுத்தாள். "அண்ணி காலப் பாத்துட்டு, குடும்பத்து வியாதின்னு நெனச்சிக்குவாங்கண்ணா. தாலி ஏறுற வரைக்கும் கொஞ்சம் பக்குவமா நடந்துக்கலாம்" என்றாள். நீ அதை மறுக்கவில்லை. "அம்மாவுக்கும் கஷ்டமா இருக்கும்ப்பா, அவுங்க எல்லாம் பாத்தாக்க" என்று மட்டும் சொன்னாய். நான் வியாபாரி. குறை இருக்கிற பக்கத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்து எத்தனையோ கயிற்றுச் சுருளை விற்றிருக்கிறேன். சரி என்றேன். உன் அம்மாவிடம் போய், "அவுங்க வர்றப்ப நீ கொளத்தாண்ட இரு. ஆளுங்க ஜாஸ்தி. நேரம் பாத்து நான் கூப்புடறேன்" என்றேன். அவள் நம்பினாள். நம்பித்தான் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு, தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, பொரிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். தாம்பாளத்தைக் கையில் கொடுத்து எப்போது கூப்பிடுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

கார் சத்தம் கேட்டதும் நீ கொல்லைப்பக்கம் வந்தாய். கதவு சாத்தித்தான் இருந்தது. கொக்கியை மாட்டினாய். பூனைக்காக என்று எழுதிவிடாதே தம்பி. பூனைக்குச் சாத்தினால் போதும். முன்கூடத்தில் பெண்ணின் அப்பாவிடமும் அம்மாவிடமும், "பாண்டிச்சேரியில அவ அக்காவுக்கு ஒடம்பு முடியல, பாக்கப் போயிருக்கா. கல்யாணத்துக்கு முன்னாடியே வந்துடுவா" என்று சொன்னது நான். தாம்பாளத்தை நீட்டியது உன் அத்தை. ஆக, நம் மூன்று பேருக்கும் இதில் பங்கு உண்டு. உன் தலையில் மட்டும் நான் தூக்கி வைக்கவில்லை.

நம்மிடம் ஒரு வழக்கம் இருக்கிறது, உனக்குத் தெரியும். வீடு பார்க்க வருகிறவர்களுக்கு மனம் ஒப்பினால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். சாப்பிட உட்கார்ந்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. ஆண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். உனக்கும் எனக்கும் உயிர் வந்தது. பெண்ணின் அம்மா, "கை கழுவிட்டு வர்றேன்" என்று எழுந்து கொல்லைக்குப் போனார். உன் அத்தை சொம்போடு பின்னால் ஓடுவதற்குள் அவர் கிணற்றைத் தாண்டிவிட்டார். நான் சமையல்கட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். அங்கிருந்து எல்லாம் கேட்டது. கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"அட, கொளம்! வூட்டுக்குள்ளயே கொளம் வச்சிருக்கீங்களா? நீங்க யாரும்மா?"

உள்ளிருந்து உன் அம்மாவின் குரல். "மீனுக்குத் தீனி போடறவங்க."

"கொக்கி வெளிய மாட்டியிருக்குதே. எப்படி வெளிய வருவீங்க?"

"வேல முடிஞ்சா தெறப்பாங்க."

"தெறக்கட்டுமா?"

"வேணாம்மா. அவுங்களே வருவாங்க. நீங்க போயி சாப்புடுங்க, சோறு ஆறிடும்."

அவ்வளவுதான் பேச்சு. அந்த அம்மாள் திரும்பி வந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "எனக்கு இன்னிக்கு விரதம். மறந்தே போயிட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் நின்றார். அவருடைய இலை போட்டது போட்டபடி இருந்தது. நீ அதைக் கவனித்தாயா என்று எனக்குத் தெரியாது. நான் கவனித்தேன். அன்று வெள்ளிக்கிழமையும் இல்லை, செவ்வாயும் இல்லை.

அவர்கள் போன பிறகு நான்தான் கொக்கியை எடுத்தேன். உன் அம்மா எழுந்து, பொரிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். "நான் பாண்டிச்சேரியிலேர்ந்து வந்துட்டேனா மாமா?" என்று கேட்டாள். அங்கே உட்கார்ந்திருந்தவளுக்கு முன்கூடத்துப் பேச்சு கேட்டிருக்கிறது. வீடு ஒன்றும் அவ்வளவு பெரிதில்லை. அன்றிலிருந்து அவள் அந்தக் கம்பிவலைக்குள் போகவில்லை. முன்கூடத்தில், தெருக்கதவைத் திறந்தால் நேரே கண்ணில் படுகிற இடத்தில், காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்துகொள்கிறாள். பால்காரன், தபால்காரன், எதிர்வீட்டார், யார் வந்தாலும் மறைக்கவில்லை. முன்பு புடவையை இழுத்து இழுத்து மூடுவாள். இப்போது மூடுவதில்லை. மீனுக்கு நான்தான் தீனி போடுகிறேன். நான் கையை நீட்டினால் ஒன்றுகூடத் திரும்புவதில்லை.

பெண் வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. நான் கடையில் உட்கார்ந்துகொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐஸ் வண்டி கடையைத் தாண்டிப் போகும், வண்டிக்காரன் வணக்கம் வைப்பான், அவ்வளவுதான். கடைசியில் நானே கிளம்பிப் போனேன். போகும் வழியெல்லாம் மனசுக்குள் பேரம் பேசிக்கொண்டே போனேன். சீர் வேண்டாம், நகை அவர்கள் இஷ்டம், கல்யாணச் செலவு முழுக்க நம்முடையது என்று சொல்லிவிட்டால் விஷயம் படிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். நான் தெரிந்துகொண்ட தொழில் அது ஒன்றுதானே. ஐஸ் பேக்டரிக்காரர் என்னை உட்கார வைத்துவிட்டு, "இதுல நான் பேச ஒண்ணுமில்ல சம்பந்தி, அவளே பேசட்டும்" என்று உள்ளே பார்த்தார். அந்த அம்மாள் வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார். நான் ஆரம்பித்தேன். சீர் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி முடிக்கவில்லை.

"நாங்க இன்னா சரக்கு வாங்கவா வந்தோம், நீங்க வெலய கொறைக்க?" என்றார். "பட்டுப் பொடவை கட்டிக்கிட்டு, தல நெறயப் பூ வச்சிக்கிட்டு எந்த ஊர்ல மீனுக்குத் தீனி போடறாங்க? மாப்பிள்ள மூஞ்சிய அப்பிடியே உரிச்சி வச்ச மாதிரி இருந்தாங்க. எனக்குப் பாத்த ஒடனே தெரிஞ்சிபோச்சி. தெரிஞ்சிதான் யாருன்னு கேட்டேன்."

"கால் விஷயம் முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்புதாம்மா" என்றேன்.

"காலா?" என்றார். "இந்தக் கரையில அந்தக் காலு இல்லாத தெரு ஒண்ணு காட்டுங்க. எங்க சித்தப்பாவுக்கு ரெண்டு காலும். அவருதான் என்னைத் தூக்கிக்கினு திருவிழாவுக்குப் போவாரு. காலுக்காக நான் சாப்புடாம வரல." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "நாளைக்கு எம்பொண்ணுக்கு ஒரு அம்மை போட்டு மூஞ்சி கெட்டுதுன்னு வையிங்க. ஒரு கை வெளங்காம போச்சின்னு வையிங்க. வூட்டுக்கு நாலு பேரு வர்ற அன்னிக்கு அவள எங்க ஒக்கார வெப்பீங்க? கொக்கிய எந்தப் பக்கம் மாட்டுவீங்க?"

தம்பி, முப்பது வருஷமாக எத்தனையோ பேரிடம் பேரம் பேசியிருக்கிறேன். அன்று, வழியெல்லாம் போட்டுக்கொண்டு வந்த கணக்கை அங்கேயே விட்டுவிட்டேன். உள்ளே, சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு வளையல் சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"இதுக்கு நீங்க பதில் சொன்னாப் பத்தாது" என்றார் அந்த அம்மாள். "மாட்டினவரு சொல்லணும். அவுரு வந்து மாட்டினத நான் கார்லேர்ந்து எறங்கறப்பவே பக்கத்துச் சந்து வழியா பாத்தேன். யாரையோ பூட்டுறாரேன்னு நெனச்சேன். யாருன்னு அப்பறந்தான் தெரிஞ்சிது."

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொன்னேன். முன்கூடத்தில் அதே இடத்தில்தான் இருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அவுங்க தெறக்கட்டுமான்னு கேட்டாங்கல்ல, நாந்தான் வேணாம்னேன்" என்றாள். "ஏன் வேணாம்னே?" என்று கேட்டேன். "தெறந்தா எம்புள்ள மானம் போயிருமே மாமா." அப்புறம் அவளே சொன்னாள். "அவன் பயந்துட்டான். எனக்குப் புரியாம இல்ல. அந்தப் பொண்ணு மேல அவ்வளவு ஆச அவனுக்கு. ஆனா மாட்டறப்ப அவன் என்னை நிமிந்து பாக்கல மாமா. கொக்கியத்தான் பாத்தான். பாத்து, கண்ணால ஒரு வார்த்த சொல்லியிருந்தாக்கூட நான் அப்பிடியே ஒக்காந்திருப்பேன்."

உனக்குக் கோபம் வரலாம். அப்பா எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டு இப்போது நல்லவராகப் பேசுகிறார் என்று தோன்றலாம். தோன்றட்டும். நான் செய்ததை மேலே எழுதிவிட்டேன், மறைக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். நான் உன் அம்மாவுக்குச் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தது ஒரு நல்ல காரியம். தண்ணீர் கேட்டாள், தண்ணீர் கொடுத்தேன், கொசு கடிக்காமல் வலை அடித்தேன். அந்த நல்ல காரியமே அவளை ஒளித்து வைக்க எவ்வளவு வசதியாகப் போயிற்று பார். ஒளித்து வைக்க இடம் இல்லாத வீடாக இருந்திருந்தால், அன்று நாம் மூன்று பேரும் வெட்கப்பட்டுக்கொண்டாவது அவளை முன்கூடத்தில் உட்கார வைத்திருப்போம். நீ புதுக் குடித்தனம் வைக்கப்போகிறாய். உன் பெண்டாட்டிக்கு நீ எதையாவது ஆசையாகச் செய்து கொடுக்கும்போது, அது அவளுக்கா உனக்கா என்று ஒரு தடவை நின்று யோசி. கதவு போட்டால் உள்ளே போய் நின்று சாத்திப் பார். நான் பார்க்கவில்லை.

உனக்கு ஏழோ எட்டோ வயசில், சிதம்பரம் தேருக்கு வந்தபோது நீ தொலைந்துபோனது நினைவிருக்கிறதா? அப்போது நாம் கடலூரில் இருந்தோம். தெற்கு வீதிக் கூட்டத்தில் அம்மா கையை உதறிக்கொண்டு பலூன் பின்னால் ஓடிவிட்டாய். நான் நாலு வீதியும் பைத்தியம் மாதிரி ஓடினேன், போலீஸிடம் கெஞ்சினேன், மைக்கில் சொல்லச் சொன்னேன். அவள் நகரவே இல்லை. நீ கையை விட்ட இடத்திலேயே, தேர் வடம் மேலே இடித்தும், ஆட்கள் தள்ளியும், திட்டியும், நின்றுகொண்டே இருந்தாள். "நான் போயிட்டா அவன் எங்க திரும்பி வருவான்?" என்றாள். நீ அங்கேதான் திரும்பி வந்தாய். இப்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இந்தத் தடவை அவளுக்கு வயசாகிவிட்டது, எனக்கும்தான். எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று தெரியவில்லை.

உன் அம்மாவும் பெண்ணின் அம்மாவும் என்னை நடுவில் தூது போக வைத்துப் பேசியதில் முடிவானது இது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அம்மா மறுபடி நம் வீட்டுக்கு வருகிறார். பெண்ணையும் அழைத்து வருகிறார். கை நனைப்பதாக இருந்தால் உன் அம்மா கையால் பரிமாறினால்தான், குளத்தங்கரைக் கல்தளத்தில்தான். அத்தை தாம்பாளத்தைத் தொடக்கூடாது. உன் அம்மா அந்தக் கம்பிவலைக் கூடத்துக்குள் போக வேண்டுமானால், அதற்கு முன் நீ வந்து வெளிப்பக்கத்துக் கொக்கியை உன் கையால் கழற்றி உள்பக்கம் அடிக்க வேண்டும். ஆசாரியைக் கூப்பிடக்கூடாது, அவள் பக்கத்தில் நின்று பார்ப்பாள். அதற்கப்புறம் அந்தப் பெண் உன்னிடம் ஒரு கேள்வி கேட்பாள். என்ன கேள்வி என்று உனக்கு மேலே எழுதியிருக்கிறேன். பதில் சொல்ல வேண்டியது நீ. நானோ அத்தையோ வாயைத் திறக்கக்கூடாது. பதில் அவளுக்கு ஒப்பினால் அவளும் அவள் அம்மாவும் சாப்பிட உட்காருவார்கள், அன்றே தை மாதத்தில் நாள் குறிப்போம், மணவறையில் உன் அம்மா முன்வரிசையில் நிற்பாள். ஒப்பாவிட்டால் அவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் போவார்கள், நாம் யாரையும் குறை சொல்லக்கூடாது. சீர், நகை, செலவு பற்றி இரண்டு பக்கமும் பேச்சே இல்லை. இதற்கு அவர்கள் இருவரும் சம்மதம். நானும் சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.